தூரம் எட்டும் லென்ஸ்

"மூணு லென்ஸையும் கழுத்துல மாட்டிக்கிட்டு காசிக்குப் போனா, நான் சாமி கும்பிடவா, லென்ஸ் மாத்தவா? ஒண்ணே ஒண்ணு சொல்லுலே!"

பட்டாசுக் கம்பெனி முதலாளி செந்தூர்பாண்டி அண்ணாச்சி கத்தினார். காலையிலிருந்து இதே பஞ்சாயத்து.

நான் பிளஸ் டூவோடு படிப்பை விட்டவன். திருத்தங்கல் ஸ்டூடியோ ஒன்றில் கல்யாணப் படம் எடுக்கிறேன். அங்கே லென்ஸும் விற்போம். அதைக் காட்டத்தான் அவர் ஆபீசுக்கு வந்திருந்தேன்.

"பதினெட்டு - முந்நூறு ஜூம் எடுங்க அண்ணாச்சி. கங்கை முழுசும் விழும், அக்கரையில நிக்கிற ஆளு மூஞ்சியும் விழும். ஆடுற படகுல லென்ஸ் கழட்ட வேண்டாம். தூசியும் ஏறாது."

"அப்ப இதுதான் ஒசத்தியா?"

"இல்ல. இருட்டுல சொதப்பும். மத்த ரெண்டும் இதைவிடத் தெளிவு. ஊரு சுத்துறவுகளுக்கு ஒண்ணே ஒண்ணுன்னா இதுதான்."

"விக்க வந்தவன் பேசுற பேச்சாலே இது?" சிரித்துவிட்டார். "எம்புட்டுத் தூரம் எட்டுதுன்னு காட்டு, பாப்போம்."

மாடிக்குப் போனோம். வேலை நடக்கிற பக்கம் செல்போனே கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆபீஸ் அதற்கு வெளியே. என் கேமராவில் லென்ஸை மாட்டி, தூரத்தில் கடைசியாகத் தெரிந்த பட்டாசு ரூமை முழுசாக ஜூம் பண்ணி ஒரு படம் எடுத்தேன்.

"பாத்தீகளா! சுவத்துல எழுதியிருக்கதையே வாசிக்கலாம்."

'ஆட்கள் 4' என்று இருந்தது.

அண்ணாச்சி எழுத்தைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தார். உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு ஆறு பெண்கள். இடம் பத்தாமல் வாசப்படியில் உட்கார்ந்து ஏழாவதாக ஒருத்தி திரி செருகிக்கொண்டிருந்தாள். என் அம்மா.

அங்கேதான் வேலை பார்க்கிறாள் என்று தெரியும். இப்படி என்று ஒருநாளும் சொன்னதில்லை.

"இத்தனை பேர் இருந்தா, ஒண்ணு பத்துனா எப்படி அண்ணாச்சி வெளிய ஓடுவாக?" கேட்டுவிட்டேன். எனக்கு வாய் நிற்காது.

அவர் படத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

"லென்ஸு நல்லாத்தான் இருக்கு," என்றார். "இதையே எடுத்துக்கிடுறேன்."

மத்தியானமே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். தூக்குச்சட்டியில் சோறு அப்படியே இருந்தது.

"என்னம்மா?"

"ரூமுக்கு நாலு பேருதானாம். சட்டமாம். என்னையும் மாரிசெல்வியையும் வள்ளித்தாயையும் இனிமே வர வேண்டாம்னுட்டாக."

"சட்டம்னா இன்னொரு ரூம் கட்டி உங்களை வைக்க வேண்டியதுதான?"

"ரூமு எங்க கட்ட? அவுக காசிக்குல்ல போறாக."

படத்தைக் காட்டினேன். எடுத்த கதையையும் சொன்னேன். கோபம் வரும் என்று நினைத்தேன், அண்ணாச்சி மேல். வந்தது, என் மேல்.

"இதை அழிக்கச் சொன்னாகளா?"

"ஒண்ணும் சொல்லலை."

"அவுக சொல்ல மாட்டாக. படம் வெளிய போயிருமோன்னு பயந்துதான் எங்களை நிப்பாட்டியிருக்காக. நான் சொல்றேன். அழிச்சிரு. நேரா போயி அழிச்சிட்டேன்னு சொல்லிட்டு வா. சீசன் நேரம், ஆளு வேணும். நாளைக்கே மூணு பேரையும் கூப்பிட்டுருவாக."

"கூப்பிட்டு?"

"கூப்பிட்டு என்ன, அதே ரூமுதான்."

"அதே வாசப்படியிலயா?"

"ஆமாலே! வள்ளித்தாய்க்குப் பிள்ளை ஆஸ்பத்திரியில கெடக்கு. உன் படத்தை வச்சு அவ என்ன செய்வா? போ."

போனேன். அண்ணாச்சி ஆபீசில் புது லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"படத்தை அழிச்சிட்டேன்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னா எங்கம்மா," என்றேன். "அழிக்கலை அண்ணாச்சி."