ஒரே இழுப்பில் ஓடும்

"கரிசல் சீமைப் பெருமக்களே! உலக வரலாறு இன்னும் சற்று நேரத்தில் கோவில்பட்டியில் திரும்பப் போகிறது. அது திரும்பும்போது யாரும் குறுக்கே நிற்க வேண்டாம் என்று விழாக் குழுவின் சார்பில் கேட்டுக்கொள்கிறோம்!"

மைக்கில் முழங்கியவர் லிங்கராஜ். விழாக் குழு என்பது அவரும் அவருடைய அத்தான் பெருமாள்சாமியும்தான்.

தீப்பெட்டி ஆபீஸை மகன்கள் கையில் கொடுத்த பிறகு, மரம் அறுக்கும் பழைய மெஷின்களைச் சேர்ப்பதே பெருமாள்சாமியின் பிழைப்பாகிவிட்டது. மெஷின் என்று சொன்னால் அவருக்கு முகம் சுருங்கும். 'வின்டேஜ் செயின்ஷா' என்று சொல்ல வேண்டும். வால்பாறை எஸ்டேட், கொடைக்கானல் காயலான் கடை என்று அலைந்து, துருப்பிடித்துச் செத்துக் கிடந்தவற்றைத் தூக்கி வந்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தேய்த்து, பெயின்ட் அடித்து, தீக்குச்சி காயப்போடும் பழைய ஷெட்டில் அடுக்கியிருந்தார். எல்லாம் இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்க முடியாத காட்டு மரங்களைச் சாய்த்தவை. கோவில்பட்டியைச் சுற்றி முளைப்பதோ அரிவாளுக்கே அடங்கிப்போகும் சீமைக்கருவேலம்.

இன்று அந்த மியூசியத்துக்குத் திறப்பு விழா. ஜெர்மனிக்காரன் ஐம்பதுகளில் செய்த மெஷினை ஒரே இழுப்பில் ஓடவிட்டு, ஷெட் வாசலில் நிற்கும் வேப்பமரத்தைப் பெருமாள்சாமி தம் கையாலேயே சாய்ப்பார் என்று நோட்டீஸ் அடித்தாயிற்று. மரம் செய்த குற்றம் இரண்டு. அந்த வட்டாரத்தில் அறுக்கிற தடிமனில் இருந்தது அது ஒன்றுதான். போதாததற்கு, மியூசியத்தின் போர்டை வேறு மறைத்துக்கொண்டு நின்றது.

இதற்காக வீட்டில் ஒரு மாதமாகச் சண்டை.

"ஆபீஸ் பொம்பளையாளுக அந்த நெழல்லதான மத்தியானச் சோறு திங்குதாளுவ. வெட்டிட்டா எங்கன போய் உக்காருவாளுவ?" என்று அவர் மனைவி பொன்மணி கேட்டுப் பார்த்தாள்.

"மியூசியத்துக்குள்ள வந்து உக்காரட்டும். டிக்கெட் எடுத்துக்கிட்டு."

"ஓட்டிக் காட்டணும்னா ஒரு வெறகுக்கட்டைய அறுத்துக் காட்டுங்களேன்?"

"ஏட்டி, இது எப்பேர்ப்பட்ட செயின்ஷா தெரியுமா? இத வச்சு வெறகு அறுக்கச் சொல்லுதியே! பட்டாளத்துக்காரன கோழி பிடிக்கச் சொல்லுத மாதிரில்லா இருக்கு."

நேற்று சாயங்காலம் ஒத்திகை பார்த்தார். ஒரே இழுப்பு. தெருவே அதிர்ந்தது. பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதற்குப் பிறகு பொன்மணி வாயைத் திறக்கவில்லை.

காலையில் அவளாகவே செண்பகவல்லி அம்மன் கோயில் தீர்த்தத்தைச் சொம்பு நிறைய வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஆயுதம்னா பூஜை போடாம எடுக்கப்படாது. நீங்க வாசல்ல போய் வாரவியள கவனிங்க. இங்கன நான் பாத்துக்கிடுதேன்."

பெருமாள்சாமிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கலையின் அருமை கடைசியில் இவளுக்கும் புரிந்துவிட்டதே! அவர் திரும்பி வந்தபோது ஜெர்மனிக்காரன் மெஷின் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலையோடு சடங்குக்கு உட்காரவைத்த பெண்ணைப் போல இருந்தது.

தலைமை விருந்தினர், ஜவுளிக்கடை கண்ணுசாமி, ரிப்பனை வெட்டினார். செல்போன்கள் உயர்ந்தன. பெருமாள்சாமி மெஷினைத் தரையில் வைத்து, ஒரு காலால் மிதித்துக்கொண்டு, கயிற்றைச் சுண்டி இழுத்தார்.

கொர்ர்ர்... பொசுக்.

"இது ஒத்திகை இழுப்பு!" என்றார் லிங்கராஜ் மைக்கில்.

மறுபடியும் இழுத்தார். பொசுக்.

"இது அம்மனுக்கு!"

அதற்குப் பிறகு இழுத்ததற்கெல்லாம் லிங்கராஜிடம் தெய்வம் கைவசம் இல்லை. பெருமாள்சாமிக்கு வேட்டி நழுவியது. தோள்பட்டை விட்டுப்போனது. மெஷின் மட்டும் தியானத்திலேயே இருந்தது.

"நேத்து ஓடுச்சே மாப்ள..." என்று முனகினார்.

வேப்பமரத்தடியில் தூக்குவாளியோடு நின்ற தீப்பெட்டி ஆபீஸ் பத்திரகாளி குரல் கொடுத்தாள். "மொதலாளி, வீட்டுல அரிவா கெடக்கு, கொண்டாரட்டுமா? அதுக்குக் கயிறு இழுக்க வேண்டாம்!"

கூட்டம் சிரித்தது. கண்ணுசாமியும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பெருமாள்சாமி நிமிர்ந்தார். வேட்டியை இறுக்கினார். மைத்துனர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"சிரிக்காதீங்க! செயின்ஷா ஓடாம இல்ல. நான்தான் ஓடவிடல. இழுக்க இழுக்க என் மனசாட்சி என் கையப் பிடிச்சு நிறுத்திட்டு. பச்ச மரத்த வெட்டுதியே, நீ மனுசனான்னு கேட்டுட்டு! இங்கன வச்சுச் சத்தியம் பண்ணுதேன். இனிமே இந்த மரத்துல கை வைக்க நெனைக்கிறவன் மொதல்ல என்னைய வெட்டணும்!"

கைதட்டல் ஷெட் தகரத்தைக் கிடுகிடுக்க வைத்தது. கண்ணுசாமி தன் கடையில் விலைபோகாமல் கிடந்த பொன்னாடை ஒன்றைப் போர்த்தி, 'பசுமைக் காவலர்' என்று பட்டமும் கொடுத்தார். பத்திரிகைக்காரர் மரத்தைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார். கட்டிப்பிடித்தார்.

"தாயி, அம்மன் தீர்த்தம் இருந்தா ஒரு வாய் ஊத்துங்க," என்று சொம்போடு நின்ற பொன்மணியிடம் கண்ணுசாமி கை நீட்டினார்.

பொன்மணி சொம்பைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை.

"காலைல சொம்பு நெறைய இருந்துச்சேட்டி?" என்றார் பெருமாள்சாமி, மரத்தை விடாமல், கேமராவுக்குச் சிரித்தபடி.

பொன்மணி பொன்னாடையைச் சரிசெய்கிற சாக்கில் அவர் காதருகே குனிந்தாள்.

"நாலு சொட்டு மெஷின் மேல தெளிச்சேன். மிச்சத்தப் பெட்ரோல் டேங்குக்குள்ள ஊத்திட்டேன்."