பப்பரப்புளிக் கரைசல்

குழந்தை வாயைத் திறக்கவேயில்லை.

தம்பாகுண்டா டவுனுக்குப் போகிற வண்டி டயர் மாற்ற நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கி ஓடிவந்த சின்னப்பெண், தன் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எங்கள் இரண்டு கடைகளுக்கும் நடுவே உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து வயிற்றுப்போக்காம். பிள்ளை துவண்டு கிடந்தது. ஆஸ்பத்திரி இன்னும் வெகுதூரம்.

வேர்க்கடலை வறுத்துக்கொண்டிருந்த நான் கரண்டியோடு அப்படியே நின்றேன். ஒரு வார்த்தை வரவில்லை.

பக்கத்துக் கடைக்காரி தக்கோ அசரவில்லை. பப்பரப்புளிக் காய் ஒன்றைக் கல்லில் தட்டி உடைத்தாள். விதையைச் சுற்றியிருந்த வெள்ளை மாவை, காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டாள்.

எங்கள் பக்கம் வயிற்றுப்போக்கு என்றால் முதலில் இதுதான். காய்ச்சலுக்கும் இது, பிள்ளை பெற்றவளுக்குத் தெம்புக்கும் இது. கோடையில் ஒரு இலைகூட இல்லாமல் மொட்டையாக நிற்கிற அந்த அடிபருத்த மரம் இவ்வளவு சத்தை எங்கிருந்துதான் சேர்க்கிறதோ. எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஆனால் தாய் அழுதுகொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துப் பிள்ளையும் மிரண்டு உதட்டை இறுக்கிக்கொண்டது. ஊட்டியதெல்லாம் கழுத்தில் வழிந்தது.

தக்கோ கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எந்த வீட்டுப் பொண்ணும்மா நீ?"

"ஜல்லோ."

"அதானே பார்த்தேன். நான் ஃபாய் வீட்டுக்காரி. மாட்டுத் திருட்டு வம்சத்துப் புள்ளைக்குத் திருட்டுப் பாலுதான் எறங்கும், நல்ல புளி எப்படி எறங்கும்?"

ஜல்லோ குலத்தாரும் ஃபாய் குலத்தாரும் எதிர்ப்பட்டால் கேலி பேசியே ஆகவேண்டும். மாமன் மச்சான் முறை மாதிரி. கோபப்படக் கூடாது. பதில் சொல்லாமல் விடவும் கூடாது. வீடே பற்றி எரிந்தாலும் அது முறை.

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள்.

"ஃபாய் வீட்டுக்காரி ஊட்டுறீங்களே, பாதியை நீங்களே குடிச்சிருப்பீங்க. அதான் புள்ளைக்குச் சந்தேகம்."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.

பிள்ளை அண்ணாந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தது. உதடு பிரிந்தது. தக்கோ சட்டென்று கரண்டியை நுழைத்தாள். புளிப்பில் முகம் சுளித்தது, விழுங்கியது, மறுபடி வாயைத் திறந்தது.

டயர் மாட்டி முடிப்பதற்குள் கோப்பையில் முக்கால்வாசி உள்ளே போயிருந்தது. மிச்சத்தைப் புட்டியில் ஊற்றிக் கொடுத்து, "வழியெல்லாம் கொஞ்சங்கொஞ்சமா குடு, நேரா ஆஸ்பத்திரிக்குப் போ" என்று வண்டியில் ஏற்றிவிட்டாள்.

வண்டி மறைந்ததும் கேட்டேன்.

"ஏண்டி தக்கோ ஜல்லோ, நீ எப்போலேர்ந்து எங்க ஃபாய் வீட்டுக்காரி ஆனே?"

"பொறந்த ஃபாய் நீ வாயைப் பொத்திக்கிட்டு நின்னியே அக்கா. நானும் ஜல்லோதான்னு சொல்லியிருந்தா, சொந்தக்காரி கெடைச்சான்னு என் தோள்ல சாஞ்சு இன்னும் அழுதிருப்பா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முறைப்படி இப்போது என் பங்கு. எனக்கு அப்போதுதான் வாய் திறந்தது.

"மாட்டைத் திருடினீங்க, சரி. இப்ப பேரையுமா?"