மாடி அறையில் அம்மா

அம்மாவை அடக்கம் செய்த மறுமாதமே ஞானமணி யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறினாள். 1938இல் பாப்பிரெட்டிப்பட்டிப் பெண்கள் பள்ளியில் அவளுக்கு ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. சாலம்மாள் வீட்டு மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தாள். பாயும் விளக்கும் வாங்கினாள். அவள் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்ததால், பள்ளிக்கு வெளியே அதிகம் வாய் திறப்பதில்லை.

ஒரு மாலை, கீழே ராகி புடைத்துக்கொண்டிருந்த சாலம்மாள் அழைத்தாள்.

"வாங்க டீச்சரம்மா, செத்த கதைச்சிட்டுப் போங்க."

அது யாழ்ப்பாணத்துச் சொல். ஞானமணி நின்றாள்.

"கதைக்கிறது எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"உங்கம்மாதாங்க. நீங்க பள்ளிக்கூடம் போனதும் எறங்கி வந்து பேசிட்டிருப்பாங்க. தங்கமான மனுசி."

ஞானமணி மாடியேறினாள். அறை அவள் விட்டுப்போனபடியே இருந்தது. மறுநாள் முதல் கொஞ்சம் சோற்றை மூடிவைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள். மாலையில் சோறு அப்படியே இருக்கும்.

கோடை விடுமுறை வந்தது. திரும்பி வந்துவிடும்படி அண்ணன் எழுதியிருந்தான். அவளுக்கும் ஊர் ஏக்கம் தாங்கவில்லை. வேலையை விட்டாள். மொரப்பூர் ரயிலுக்குப் போக மாட்டு வண்டி வாசலில் வந்து நின்றது. பெட்டியோடு இறங்கி வந்தவளிடம் சாலம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அம்மா வரலைங்களாம்."

"ஏனாம்?"

"இன்னொருக்காக் கடலத் தாண்ட முடியாதுன்னாங்க. இந்த வூடே போதுமாம்."

ஞானமணி வண்டிக்காரரைத் திருப்பி அனுப்பினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"அம்மா, நான்தான்" என்று மெல்லத் தட்டினாள்.