பீரோவுக்குப் பின்னால் இருந்த படம்

என் மனைவி நஸீமா எனக்காக ஒரு முறைகூட இப்படி உட்கார்ந்ததில்லை. முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்து, ஒரு போலந்துக்காரக் கிழவன் வரைவதற்காக உட்கார்ந்திருந்தாள்.

அதுவும் என் ஸ்டூலில்.

பதினோரு வருஷமாக ஒகேனக்கல்லில், அவளுடைய மீன் வறுவல் கடைக்குப் பக்கத்தில்தான் கேலிப்படம் வரைகிறேன். மூக்கு நீளமென்றால் முழ நீளம் போடுவேன். காது பெரிதென்றால் முறம். திட்டிக்கொண்டே வாங்கிப் போவார்கள்.

கிழவன் காலை பஸ்ஸில் வந்து இறங்கினான். கூட வந்த கைடு பிரபாகர்தான் கதையெல்லாம் சொன்னான். அவர் ஊர்ப் பத்திரிகைகளில் ஐம்பது வருஷம் வரைந்தவராம். ஒரு மந்திரியின் கன்னத்தை உப்பலாக வரைந்ததற்காக மூன்று வருஷம் தடையாம். அப்போது நாடக போஸ்டர் வரைந்து பிழைத்தாராம்.

எனக்கு வயிறு எரிந்தது. என்னை எந்த மந்திரி தடுத்தான்?

பரிசல்காரர்கள் என்னை விட்டுவிட்டு அவனைச் சுற்றி நின்றார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நஸீமா கரண்டியை வைத்துவிட்டு வந்து பிரபாகரிடம், "என்னயும் வரையச் சொல்லுங்க" என்றாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கல்யாணமான புதிதில் நானும் அவளை வரைந்து, ஃப்ரேம் போட்டு மாட்டினேன். மறு வாரமே கழற்றி பீரோவுக்குப் பின்னால் சொருகிவிட்டாள். ஏனென்று சொல்லவில்லை. அதன் பிறகு எப்போது கூப்பிட்டாலும் வேலை இருக்கிறது என்பாள்.

கிழவன் தாளைத் திருப்பிக் காட்டினான்.

பாதித் தாள் பல்லாக இருந்தது. நஸீமாவின் முன்பற்கள் இரண்டும் உதட்டைத் தாண்டி வந்து ஒரு மீனைக் கவ்விக்கொண்டிருந்தன. கூட்டம் சிரித்தது. அதைப் பிடுங்கிக் கிழிக்க என் கை பரபரத்தது.

ஊரார் பல்லையெல்லாம் பெரிதாக்குகிற நான், என் படத்தில் அவள் பல்லை மட்டும் உள்ளே தள்ளி, உதட்டை அழகாக மூடி வரைந்திருந்தேன். ஆசையினால்தான்.

நஸீமாவும் சிரித்தாள். எப்போதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பவள், கையை மடியிலேயே வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

படத்தைக் கடை முகப்பில் செலோடேப் போட்டு ஒட்டினாள். பிறகுதான், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

"இது நானுங்க. நம்ம வூட்ல பீரோவுக்குப் பின்னால ஒருத்தி இருக்காளே, அவ யாருன்னுதான் தெரியல. பதினோரு வருசமா அவள நெனச்சா எனக்கு வயித்தெரிச்சலுங்க."