எட்டுச் சொட்டு

"ஓய் பாஷ்யம், நான் சொன்னா நம்பமாட்டீர். நீரே வந்து பாரும். நம்மாத்துக் கண்ணாடிக் குழாயிலே நீலமேகமே சேவை சாதிக்கும்!"

தேரடியில் ஆரம்பித்த ராமபத்ரன், வீட்டுச் சந்து வரைக்கும் இதை மூன்று தரம் சொல்லிவிட்டார். கையில் கோவில் பிரசாதத் தூக்கு ஆடியது.

இருவரும் கோவிலில் பிரபந்தம் சேவிக்கிறவர்கள். பாஷ்யத்துக்குச் சர்க்கரை வியாதி என்று போன வாரம்தான் டாக்டர் சொல்லியிருந்தார். ராமபத்ரனோ இரண்டு வருஷத்து அனுபவஸ்தர்.

"கார்த்தாலே குளத்தை நாலு சுத்து. மத்தியானம் ஒரு கைப்பிடி சாதம், ராத்திரி கோதுமைக் கஞ்சி. காப்பிக்குச் சர்க்கரை கிடையாது. நாக்கைக் கட்டணும் ஓய்!"

"அதெல்லாம் சரி. இந்தத் தூக்குலே சர்க்கரைப் பொங்கல்னா இருக்கு?"

"பெருமாள் பிரசாதத்தை வீணாக்கலாமோ? ஆத்துக்காரிகிட்ட கொடுத்துடுவேன். ரெண்டு வருஷமா என் பங்கும் அவளுக்குத்தான். அவ பாடு கொண்டாட்டம்!"

கொல்லையில், கால் விரலில் துணிக்கட்டோடு அவர் மனைவி அலர்மேல்மங்கை குந்தியிருந்தாள். எதிரே சாராய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குழாயில் நீல மருந்தை விட்டு, சிறுநீர் எட்டுச் சொட்டு சேர்த்துக் காய்ச்ச வேண்டும். நிறம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. கம்பவுண்டர் தானியேல் சொல்லிக் கொடுத்த பாடம். ஆசாரக்காரரான ராமபத்ரன் அதையெல்லாம் தொடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சிறுநீர்ச் சீசாவைக் கொல்லையில் வைத்துவிட்டுக் கோவிலுக்குப் போய்விடுவார். அலர்மேல்மங்கைதான் காய்ச்சிப் பார்த்துவிட்டு மறுபடி தலைக்குக் குளிப்பாள்.

இரண்டு பேரும் வருவதைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த குழாயைப் புடவைத் தலைப்பில் மறைத்தாள்.

"காட்டுடி. பாஷ்யம் பார்க்கட்டும்."

"இல்லேன்னா... இது வந்து..."

"வெளிச்சத்துலே பிடின்னா!"

பிடித்தாள். அடியிலிருந்து நுனிவரை செங்கல் நிறம்.

பாஷ்யம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "நீலமேகம்னு கூட்டிண்டு வந்தீர். செங்கண்மாலா நிக்கறாரே ஓய்!"

ராமபத்ரனுக்குச் சிரிப்பு வரவில்லை. எம்பார் நினைவு வந்தது. அதே கோஷ்டியில் நின்று சேவித்த, இதே வியாதிக்கார எம்பார். கால் விரலில் ஒரு சின்னக் காயம்தான். ஆறவில்லை. மெட்ராஸுக்குக் கொண்டுபோய் முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். இப்போது எம்பார் வாசலில் ஈயோட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ராமபத்ரன் குனிந்து தம் கால் விரல்களைப் பார்த்தார். பத்தும் நன்றாகத்தான் இருந்தன. இன்னும் எத்தனை நாளைக்கோ?

"என்னடி பண்ணினே என்னை? சாத்தமுதுலே வெல்லம் போட்டியா?"

"ஐயோ, சத்தியமா இல்லேன்னா."

"பொய் சொல்லாதே! நேத்திக்கே பார்த்தேன். ஜலதாரை ஓரமா எறும்பு சாரை சாரையா ஊர்றது. வெல்லம் சிந்தாம எறும்பு எங்கேர்ந்துடி வரும்?"

அலர்மேல்மங்கை கிணற்றடியிலிருந்த சொம்பை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். மறுபடி மொண்டு குடித்தாள்.

"பாரும் ஓய், முழியை! திருட்டுத்தனம் பண்ணினா தொண்டை வறளாம என்ன பண்ணும்?"

"விடும் ஓய்," என்றார் பாஷ்யம். "நாம நாக்கைக் கட்டி என்ன பிரயோஜனம்? அவா கரண்டியைன்னா கட்டணும்! போம், இனிமே உமக்கு மாத்திரை கீத்திரை இல்லை. தினம் ஊசிதான்."

அவர் சந்து வழியாகப் போய் மறைகிற வரைக்கும் அலர்மேல்மங்கை தலை நிமிரவில்லை. ஊருக்கே செய்தி போய்விடும் என்று ராமபத்ரனுக்கு உடம்பு கூசியது. துவைக்கிற கல்லின் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"உனக்கு என்னடி குறை வச்சேன்? என் காலை எடுத்துட்டா அப்புறம் கோவிலுக்கு யார் தூக்கிண்டு போவா? நீயா?"

அவள் நொண்டி நொண்டிப் போய்ச் சந்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"வேத்து மனுஷா எதிர்க்க எப்படிச் சொல்றதுன்னுதான் வாயை மூடிண்டிருந்தேன். உங்களோடதை அப்பவே காய்ச்சியாச்சு. உங்க பின்னாலேதான் வச்சிருக்கேன், பாருங்கோ. எப்பவும்போல நீலம்தான்."

ராமபத்ரன் சட்டென்று திரும்பினார்.

"எனக்கு மூணு மாசமா தாகம் அடங்கலை. அண்டா இடிச்ச விரலும் ஆறலை. மருந்து கொஞ்சம் மிச்சம் இருந்தது. எறும்பைப் பார்த்ததும் எனக்கே சந்தேகம் வந்துடுத்து." கையிலிருந்த குழாயைப் பார்த்தாள். "இது என்னோடதுன்னா."

அதற்குள் ராமபத்ரன், ஆசாரத்தையும் மறந்து, கல்மேலிருந்த மற்றக் குழாயை எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்திருந்தார். நீலம். துளிப் பச்சைகூடக் கலக்காத சுத்த நீலம்.

"பெருமாளே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அசடு, அசடு! இதை முதல்லேயே சொல்றதுக்கென்ன? பாதிப் பிராணன் போயிடுத்து எனக்கு!"

சிரித்துக்கொண்டே தூக்கைத் திறந்தார். நெய் மணத்தது.

"இந்தா, சூட்டோட சாப்பிட்டுடு. பிரசாதம். ஒரு பருக்கை வீணாகப்படாது."