காலிக் குப்பி

குப்பியைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினார் பொறுப்பாளர். ஒரு துளியும் விழவில்லை. இருபது நாளுக்கென்று கொடுத்த சொட்டு மருந்து முழுவதும் தீர்ந்திருந்தது. மேசைமீது துண்டுக்குள் சுருண்டிருந்த பூனைக்குட்டியின் கண்களிலோ சீழ் வடிந்துகொண்டிருந்தது.

“மருந்தெல்லாம் எங்கம்மா போச்சு? வாஷ்பேசின்லயா?”

“மூணு வேளையும் போட்டேன் சார். ஒரு வேளைகூடத் தப்பல” என்றாள் தையற்காரி.

“அப்புறம் ஏன் ஆறல? மருந்துக்கு உன் மூஞ்சி புடிக்கலையோ?”

தெருவில் பிடிபட்ட குட்டிகளை வளர்த்துப் பழக்கித் தரும் வீடுகளைத் தேர்ந்தெடுப்பது அந்த விலங்குக் காப்பகத்தில் அவர் வேலை. படித்தவர்கள் யாரும் முன்வராத குறைக்குத்தான், சரக்குக் கிடங்கின் சாக்கடையிலிருந்து எடுத்த இரண்டு குட்டிகளை நான்கு மாதங்களுக்குமுன் இவளிடம் ஒப்படைத்தார். ஒன்று சீறி; நீண்ட கையையெல்லாம் கடிக்கும். மற்றொன்று தும்மான்; வந்த நாளிலிருந்து அதற்குச் சளியும் விட்டதில்லை, கண்ணும் தெளிந்ததில்லை.

அவள் எழுதிவந்த தினக்குறிப்பை இரு விரல்களால் தூக்கிப் பிரித்தார். சிவப்பு மைப் பேனா தானாகவே திறந்துகொண்டது.

“‘மறுந்து போட்டேன்.’ மருந்துக்கு எந்த ‘ரு’ன்னு தெரியல. ‘தும்மான் துணிக் குப்பையில மூத்திரம் போனான். மிஷின் பெடலை மிதிச்சா சீறி காலைக் கடிக்கிறாள். இன்னைக்குக் கடிக்கல, மோந்து பார்த்தாள்.’ கடிக்கிறாளாம்! பூனைக்கு எதுக்கும்மா ‘அவள்’? உயர்திணை, அஃறிணை வித்தியாசம் தெரியாத உன்கிட்ட ரெண்டு உசிரை ஒப்படைச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

“எட்டாவதோட நிறுத்திட்டாங்க சார்.”

“அது எழுத்துலயே தெரியுது.”

அதற்குள் காப்பகத்தின் கால்நடை டாக்டரம்மா கைகளைக் கழுவிக்கொண்டு வந்தார். தும்மானின் இமைகளை மெல்ல விரித்து, சிறு விளக்கை அடித்துப் பார்த்தார். இமைகளைச் சுற்றியிருந்த மயிர், ஈரம் காய்ந்து பசை தடவினாற்போல் விறைத்திருந்தது.

“பாருங்க டாக்டர் இந்த அழுக்கை! முகத்தைக்கூடத் துடைச்சு விடறதில்ல” என்று மூக்கைச் சுளித்தார் பொறுப்பாளர்.

“பார்வை இன்னும் போகல. ஆனா இது நல்ல மருந்து. போட்டிருந்தா பத்து நாள்லயே தெளிஞ்சிருக்கணும். இன்னும் ஒரு வாரம் இப்படியே விட்டா, கண்ணை எடுத்துட வேண்டியதுதான்.”

தையற்காரி தன் கைகளை விரித்துக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை புதிதும் பழையதுமாய்க் கீறல்கள். “பிடிச்சு வெச்சு, பஞ்சுல நனைச்சுத் தடவறதுக்குள்ள உயிரே போயிடும் டாக்டர். அப்படியும் ஒரு நாள் விட்டதில்ல.”

“கீறலைக் காட்டி யார்கிட்ட அனுதாபம் தேடறே? ஊசி குத்தினதா இருக்கும்” என்ற பொறுப்பாளர், ஒரு தாளை இழுத்துக் கடிதம் எழுதத் தொடங்கினார். குட்டிகள் இரண்டும் இன்றே கூண்டுக்குத் திரும்பவேண்டும். இப்பெண்மணிக்கு இனி எந்த உயிரும் தரப்படலாகாது. வாக்கியம் அவருக்கே மிகவும் பிடித்திருந்தது. இன்னொரு முறை படித்துப் பார்த்துக்கொண்டார்.

“சார், தும்மானைக்கூட எடுத்துக்குங்க. சீறியை மட்டும் கூண்டுக்கு அனுப்பாதீங்க. போன வாரந்தான் முதல் தடவையா மடியில வந்து படுத்தா. மறுபடியும் கம்பிக்குள்ள போட்டா, இனிமே யாரையும் நம்பமாட்டா சார்.”

“அவ நம்பறது இருக்கட்டும். உன்னை நான் நம்பணுமே!”

ஆத்திரத்தில் தாமும் ‘அவ’ என்று சொல்லிவிட்டதை அவர் கவனிக்கவில்லை. கையொப்பமிடப் பேனாவை உயர்த்தினார்.

“ஒரு நிமிஷம். இந்த மருந்தை எப்படிப் போடணும்னு இவங்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தீங்களா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

பொறுப்பாளரின் முகம் சிவந்தது. “சொல்றதா? எழுதியே ஒட்டியிருக்கேன் டாக்டர்! கம்பெனிக்காரன் பொடி எழுத்துல அச்சடிச்சது இவங்களுக்கு எங்க புரியப்போகுதுன்னு, அதுக்கு மேலயே என் கையால, நல்ல தமிழ்ல எழுதி ஒட்டியிருக்கேன். ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்கும் புரியும்.” குப்பியைத் தையற்காரியின் பக்கம் உருட்டிவிட்டார். “எடு. வாசிச்சுக் காட்டு. எழுதத்தான் வராது, படிக்கவாவது வருமா?”

அவள் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். எழுத்துகளின்மேல் விரலை ஓட்டியபடி, ஒரு பிழையுமின்றிப் படித்தாள்.

“கண்ணில் விடாமல் மூன்று வேளையும் போடவும்.”

“கேட்டீங்களா டாக்டர்? இதுக்கு மேல ஒருத்தன் எப்படி எழுதறது?” என்று நாற்காலியில் வெற்றியோடு சாய்ந்தார் பொறுப்பாளர். “இதுல இருக்கிறபடி செஞ்சிருந்தா இந்தக் கதி வருமா?”

தையற்காரியின் கண்கள் நிறைந்துவிட்டன.

“அதுல இருக்கிறபடியேதான் சார் செஞ்சேன். இருபது நாளா, ஒரு சொட்டுகூடக் கண்ணுல விடல!”