மூன்றில் ஒரு பங்கு

குப்பியைத் திறக்க சிவனாண்டிக்குக் கை வரவில்லை.

நைனா முகமது மூடி வைத்துவிட்டுப் போன குப்பி அது. நைனாவை அடக்கம் செய்து இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை.

இன்டர்மீடியட் வகுப்பில் ரெண்டு பேருக்கும் ஒரே சோதனை மேசை. அமிலம் என்றால் நைனா கை, சாராயம் என்றால் சிவனாண்டி கை. இத்தனை நாளும் அப்படித்தான் ஓடிற்று. நைனா ஐந்து வேளையும் தொழுகிறவன். சோதனைக்கு வைத்திருந்தாலும் சாராயம் சாராயந்தான் என்று அந்தப் புட்டிப் பக்கமே வரமாட்டான்.

"குடிக்கவா சொல்றாக மாப்ள, சும்மா ஊத்தத்தானடா!" என்று சிவனாண்டி எம்புட்டோ கேலி பண்ணியிருக்கிறான். நைனா சிரிப்பான். தொடமாட்டான்.

இந்தச் சோதனைக்கு அமிலத்தையும் சாராயத்தையும் சரிக்குச் சரியாகக் குப்பியில் கலந்து சில நாள் மூடி வைக்க வேண்டும். கலக்கிற அன்றைக்குப் பார்த்து சிவனாண்டி உசிலம்பட்டிப் பக்கம் ஊருக்குப் போகவேண்டியதாகிவிட்டது. அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் நடக்குமா?

நைனா தனியாக நின்றான். அன்று சாயந்தரமே காய்ச்சலில் விழுந்தான் பாவி. சிவனாண்டி ஊரிலிருந்து திரும்பி, நைனாவின் தெற்குவாசல் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தபோது பேச்சு நின்றிருந்தது.

இப்போது குப்பிக்குள் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? அமிலத்தை வாத்தியாரே அளந்து கொடுத்திருந்தார். சாராயத்தை? நைனாவாவது, ஊற்றவாவது! முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலு சொட்டு விட்டிருந்தாலே பெரிய காரியம்.

சோதனை கெட்டால் சிவனாண்டியைப் பரீட்சைக்கு விடமாட்டார்கள். இன்னொரு வருசம் படிக்க வைக்க அவன் அப்பனுக்குத் தெம்பு கிடையாது. மண்வெட்டியைத் தூக்க வேண்டியதுதான்.

மூடியைத் திருகித் திறந்தான். எல்லா மேசையிலும் குப்பிகள் திறந்து கிடந்ததில் கூடம் முழுக்க ஒரே பழவாசனை. எது எதிலிருந்து வருகிறதென்று மூக்குக்குப் பிடிபடவில்லை.

காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மிஞ்சியிருந்த அமிலத்தை அளந்தான். போட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம்.

கணக்குப் போட்டான். மூன்றில் இரண்டு பங்கு அமிலம் மாறியிருக்கிறது. அப்படியென்றால் பழவாசனை அடிக்கிற எஸ்டரும் தண்ணீரும் அதே இரண்டு பங்கு உண்டாகியிருக்கும். உண்டான இரண்டையும் பெருக்கி, மிஞ்சிய இரண்டின் பெருக்கலால் வகுத்தால் வருவது சமநிலை மாறிலி; புத்தகம் சொல்கிறபடி அது நான்கு. அந்த நான்கு வரவேண்டுமானால் சாராயமும் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியாக வேண்டும்.

செலவானதையும் மிஞ்சியதையும் கூட்டினான். அமிலத்துக்குச் சரிக்குச் சரியாகச் சாராயம். ஒரு சொட்டு கூடவுமில்லை, குறையவுமில்லை.

பென்சிலைக் கீழே வைத்தான். கணக்கு தப்பாக இருக்குமோ என்று மறுபடி போட்டான். அதேதான் வந்தது.

வாத்தியார் குனிந்து பார்த்தார். "வகுப்புல யாருக்கும் இவ்வளவு சுத்தமா வரலையேப்பா. சும்மா ஊத்தியிருந்தா இப்படி வராது. நைனா பிப்பெட்டுலதான் எடுத்திருக்கான்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

சிவனாண்டி அந்தக் குப்பியைக் கையில் எடுத்தான். எனக்காகவாடா, எனக்காகவா என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே நின்றான். கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

பிப்பெட் வெறும் கண்ணாடிக் குழாய். அதில் சாராயத்தைக் கோடு வரைக்கும் ஏற்ற வேண்டுமென்றால், மேல் முனையை வாயில் வைத்துத்தான் உறிஞ்ச வேண்டும்.